ஜப்பானில் ஒரு மார்கழி

ஜப்பான் நாட்டின் அரசு விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இடமில்லை. முன்னைய பேரரசர் அகிஹிட்டோ அவர்களின் பிறந்தநாள் டிசம்பர் 23இல் வந்தமையால், 1989 முதல் 2018 வரை அந்த நாளிலாவது மக்களுக்கு ஓர் ஓய்வு கிட்டிற்று. இன்றைய பேரரசர் பிப்ரவரியில் பிறந்தவர். ஆகவே அந்த ஓய்வும் போயிற்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஒரு திங்கட்கிழமை. அன்று காலை டோக்கியோ மாநகரின் மின்வண்டிகளில், வேறெந்தத் திங்கட்கிழமையும்போல, கறுப்பு மேலங்கி அணிந்த அலுவலர் கூட்டம் தோளோடு தோள் நெருங்கி நின்று வேலைக்குச் சென்றுகொண்டிருந்தது.

அந்நாட்டில் நான்கு ஆண்டுகள் தங்கி, வெளிநாட்டுத் தொழிலாளரிடையே பணிபுரிந்தபின் தாயகம் திரும்ப நாள் குறித்திருந்த நமக்கு அதுவே அங்குக் கடைசி மார்கழி. 2024 ஜனவரி 4ஆம் நாள் விமானம். அதற்கு முந்திய ஒரு மாத காலத்தில் கண்டவற்றை நம் பங்குக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், வளைகுடா நாடுகளையே நம்பியிருந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இப்பொழுது கீழ்த்திசைக்கும் பயணமாகத் தொடங்கிவிட்டார்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டார் 34 இலட்சம் பேர். அவர்களுள் இந்தியர் ஏறத்தாழ 48 ஆயிரம். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இறங்கினால் இட்டிலி மாவும் கறிவேப்பிலையும் கிடைக்கும் என்றால் நம்புவீர்களா?

அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3இல் வந்தது. அது புனித சவேரியாரின் நாள். நம் முத்துக்குளித்துறையில் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மணலில் நடந்த அந்தக் கால்கள்தாம் 1549 ஆகஸ்டு 15இல் ககோஷிமாத் துறையில் கரையிறங்கின. இரண்டாண்டும் சில திங்களுமே அவர் அங்கிருந்தார். அவர் சென்றபின், 1552இல் யமகுச்சி நகரில் அவர்தம் தோழர்கள் நிறைவேற்றிய திருப்பலியே அந்நாட்டின் முதற் கிறிஸ்துமஸ் என்பர். 1614இல் திருமறை முற்றும் தடை செய்யப்பட்டது. குருக்கள் இன்றி, ஆலயம் இன்றி, இருநூற்றைம்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் 1865 மார்ச் 17இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்ட வரலாற்றை நம் வாசகர் அறிந்திருப்பர். அவர்கள் அங்கிருந்த குருவிடம் சொன்ன செய்திகளுள் ஒன்று நம் உள்ளத்தில் தங்கிவிட்டது: உறைபனி மாதத்தின் 25ஆம் நாளில் ஆண்டவரின் பிறப்பைத் தாங்கள் கொண்டாடி வருவதாகச் சொன்னார்களாம். பஞ்சாங்கத்தையும் மனப்பாடமாகக் காத்தவர்கள்!

இன்றைய டோக்கியோவில் நிலைமை வேறு. நவம்பர் நடுவிலேயே வீதிமரங்களில் பல்லாயிரம் சிறுவிளக்குகளைக் கட்டிவிடுகிறார்கள். கடைகளில் கிறிஸ்துமஸ் கீதங்கள் ஓய்வதில்லை. நட்சத்திரம் உண்டு, மணி உண்டு, சிவப்புக் குல்லாய்த் தாத்தா உண்டு. குடில் மட்டும் தேடினாலும் கிடைப்பதில்லை. பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் கத்தோலிக்கர் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது ஆயிரத்துக்கு மூவர், நால்வர். மற்றவர்க்கு 24ஆம் தேதி மாலை, காதலர் இருவர் நல்ல உணவகத்தில் அமர்ந்து உண்ணும் மாலை. பிள்ளைகள் உள்ள வீடுகளில் வெண்ணெய்ப் பாலாடையும் ஸ்ட்ராபெரிப் பழமும் வைத்த கேக்கும், வறுத்த கோழியும். 1970இல் அங்குக் கடை திறந்த கென்டக்கி நிறுவனத்தார் 1974இல் நாடெங்கும் செய்த விளம்பரத்தின் பயன் அது. கிறிஸ்துமஸ் என்றால் வறுத்த கோழி என்பது குலவழக்கமே ஆகிவிட்டது. வாரக்கணக்கில் முன்கூட்டிச் சொல்லி வைக்காவிடில் கிடைக்காது.

இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் மேனாட்டுக் குருக்கள் சிலரை அறிவோம். நமக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுற்றும் கத்தோலிக்க வீடுகள் நம் ஊரில் இல்லையா? அண்டை வீட்டார் விழாவில் ஒரு பண்டத்தை மட்டும் வாங்கிக்கொள்வது உலகத்து வழக்கம். நம்மை உறுத்தியது வேறொன்று. அந்தக் கேக்குகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் டிசம்பர் இரவுகளில் நின்று வேலை செய்வோரில் பலர் வெளிநாட்டு மாணவர். வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரமே வேலை செய்யலாம் என்பது அவர்களுக்கு விதி. நம் பங்குக்கு வரும் வியட்நாம் மாணவி ஒருத்தி, 22ஆம் நாளிரவும் 23ஆம் நாளிரவும் நகர்ந்து வரும் கேக்குகளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்ட்ராபெரிப் பழம் வைத்தாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண். 24ஆம் நாள் மாலைத் திருப்பலிக்கு வந்தவள், பிரசங்கம் தொடங்குமுன்னே தூணில் சாய்ந்து உறங்கிவிட்டாள். பக்கத்திலிருந்த ஜப்பானிய மூதாட்டி அவளை எழுப்பவில்லை. தம் கழுத்துச் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

டிசம்பரில் அந்நாடெங்கும் ஒலிக்கும் மற்றோர் இசையைப் பற்றியும் சொல்லவேண்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஊருக்கு ஊர், பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் சேர்ந்த பாடற்குழுக்கள் ஜெர்மானிய மொழியிலேயே மனப்பாடம் செய்து பாடுகிறார்கள். அதனை அந்த மண்ணில் முதன்முதல் முழுமையாகப் பாடியவர்கள் யார் தெரியுமா? 1914இல் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தில் பிடிபட்டு, ஷிகோக்குத் தீவின் பாண்டோ முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியப் போர்க்கைதிகள். 1918 ஜூன் 1ஆம் நாள், பெண்குரலுக்குரிய பகுதிகளையும் ஆடவரே பாடி முடித்தனர். ஆண்டு முடிவில் பாடும் வழக்கம் பிற்காலத்தது. ஆயினும், வீடு திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த அந்நியரின் பாட்டு அது என்பதை அறிந்தபின், நாம் அதைக் கேட்ட விதமே மாறிவிட்டது.

வெளிநாட்டாருக்கு டிசம்பர் என்றால் பெட்டிதான். பிலிப்பைன்ஸ் தாய்மார் ஆள் உயரப் பெட்டிகளில் சோப்பும், காப்பித்தூளும், துவாலையும், பிள்ளைகளுக்குக் காலணியும் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். விழாவுக்கு முன் போய்ச் சேரவேண்டுமானால் இலையுதிர் காலத்திலேயே அனுப்பியாகவேண்டும். பின்னர் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் நவநாள் திருப்பலிக்குக் கூடுவார்கள். அவர்கள் நாட்டில் அது விடியற்காலப் பூசை. இங்கோ வேலை முடிந்த இரவு வேளைதான் வாய்க்கும். "பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டதாம், ஃபாதர். நான் தான் இங்கே நின்றுவிட்டேன்" என்று ஆறாண்டாக ஊர் காணாத ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஊதா உடையில் திருவருகைக்கால நான்காம் ஞாயிற்றுத் திருப்பலி. அதே மாலையில் வெள்ளை உடையில் பெருவிழாத் திருப்பலி. இடைப்பட்ட நேரத்தில் பீடம் அலங்கரிக்க அருட்கன்னியர் பட்டபாடு சொல்லி முடியாது. மாலையில் ஆலயம் கொள்ளாத கூட்டம். அதில் பாதிக்குமேல் கிறிஸ்தவர் அல்லாத ஜப்பானியர். கடைவீதி விளக்குகளையெல்லாம் பார்த்தபின், இவ்விழாவின் வீடு எது என்று பார்க்க வருகிறார்கள் போலும். நற்கருணை வேளையில் அவர்களும் வரிசையில் வந்து, தலைகுனிந்து ஆசி பெற்றுச் செல்வார்கள். ஒரு சிறுவன் ஆசி பெற்றபின் நகராமல் நின்று, குடிலில் தீவனத் தொட்டி ஏன் என்று கேட்டான். பின்னால் இருநூறு பேர் நிற்க, அதற்கு விடை சொல்லவேண்டியதாயிற்று.

இரவு பதினொன்றரைக்கு நாம் வாயிற்கதவைச் சாத்தச் சென்றபோது, வெளியே குளிரில் ஒருவர் நின்றிருந்தார். சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர், முப்பது வயதிருக்கும், இந்திய உணவகம் ஒன்றில் சமையல்காரர். "பூசை முடிஞ்சிருச்சா, சாமி? இப்பத்தான் கடை அடைச்சாங்க" என்றார். உடையில் மசாலா மணம். குடிலின் முன் அமரச் செய்தோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுத் தம் கதையைச் சொன்னார். 2020 ஜூலையில் அவருடைய தந்தையார் இறந்தார். அக்காலத்தில் கொள்ளைநோயை முன்னிட்டு, நாட்டைவிட்டு வெளியேறிய வெளிநாட்டார் பெரும்பாலோர்க்கு மீண்டும் நுழைய அனுமதி இல்லை; நிரந்தர வாழ்வுரிமை பெற்றவர்க்குங்கூட அதே நிலை. வந்த கடன் அடையவில்லை. போனால் வேலை போகும். தந்தையின் அடக்கத்தைக் கைப்பேசியிலே பார்த்தார். மழையில் படம் தெளிவாகத் தெரியவில்லையாம். செப்டம்பரில் அத்தடை நீங்கிற்று. அதன்பின் தங்கையின் திருமணம், அதற்கொரு கடன். உரிமையாளரோ நீண்ட விடுப்புத் தருபவரல்லர். ஆக, ஐந்தாண்டு. "நீங்க ஊருக்குப் போறீகளாமே, சாமி. எங்க அம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வரணும்" என்றார்.

26ஆம் நாள் காலை வீதியைக் கண்டவர்கள் வியப்பார்கள். ஓர் இரவுக்குள் தாத்தாவும் நட்சத்திரமும் மறைந்து, கடைவாயில்களில் மூங்கிலும் ஊசியிலையும் சேர்த்துக் கட்டிய கதோமாத்சு என்னும் புத்தாண்டு அலங்காரம் வந்துவிடும். இதுதான் அவர்களுடைய உண்மையான பெருநாள். நம் போகியும் பொங்கலும் சேர்ந்தாற்போன்றது என்று சொன்னால் ஓரளவு விளங்கும். வீட்டை, அலுவலகத்தை, பள்ளியைக் கூரை முதல் தரை வரை துடைத்துக் கழுவுகிறார்கள். அரிசியை ஆவியில் வேகவைத்து உரலிலிட்டு இடித்து மொச்சி என்னும் உருண்டை செய்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கடையில் வாங்குவதே வழக்கம். அது தொண்டையில் சிக்கி முதியவர் மாண்ட செய்தி ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகையில் வரும். அடுத்த ஆண்டும் உண்பார்கள். மூன்று நாளைக்குக் கெடாத பண்டங்களை அடுக்குப் பெட்டிகளில் நிரப்பி வைத்து அடுப்படிக்கு ஓய்வு தருகிறார்கள். இதை நம் தாய்மார் கவனிக்கவேண்டும். பெருநாளில் பெண்கள் அடுப்போடு மல்லுக்கட்டும் நம் வழக்கத்தினும் இது மேலானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் வேறு. டிசம்பர் 25க்குள் அஞ்சலில் சேர்த்தால், நாடெங்கும் ஜனவரி முதல் நாள் காலையிலேயே வீட்டு வாயிலில் கிடைக்கும். 2004ஆம் ஆண்டுக்கென 440 கோடி அட்டைகளுக்குமேல் அச்சிட்டார்கள். இருபதாண்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டில் வீட்டில் சாவு நேர்ந்திருந்தால் வாழ்த்து அனுப்புவதில்லை. பிறர் அனுப்பாதிருக்கும்பொருட்டு டிசம்பர் தொடக்கத்திலேயே சாம்பல்நிற அட்டையொன்றில் அறிவித்துவிடுவார்கள். துக்க வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை என்னும் நம் வழக்கத்தை அங்கு அஞ்சல் வழியே காத்து வருகிறார்கள்.

28ஆம் தேதியோடு அரசு அலுவலகங்கள் மூடி, ஜனவரி 4இல் திறக்கும். மாநகரம் வெறிச்சோடுகிறது. டோக்கியோவில் வாழ்வோர் பலருக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது. பெற்றோர் இருக்கும் ஊருக்குப் பெட்டி நிறைய இனிப்புகளுடன் புறப்படுகிறார்கள். அந்த ஆண்டு முதல், நெரிசல் நாட்களில் நொசொமி அதிவேக வண்டிகளில் முன்பதிவு இல்லாதவர்க்கு இருக்கையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் நம்மை அந்நியர் என்று உணரச் செய்யாத நகரம், அந்த ஒரு வாரத்தில் உணரச் செய்துவிடுகிறது. ஏனெனில், அப்போது எஞ்சி நிற்போர் போக ஊர் இல்லாதவர்களும், ஊர் தொலைவில் உள்ளவர்களுமே. விமானக் கட்டணம் உச்சத்திலிருப்பதும் அதே வாரத்தில்தான். 31ஆம் நாள் இரவு பௌத்தக் கோவில்களில் மணி நூற்றெட்டு முறை ஒலிக்கும். அறையில் தனியே இருந்து அதைக் கேட்டோம்; பாதி கட்டிய பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது.

ஜனவரி முதல் நாள் இறையன்னை பெருவிழாத் திருப்பலி முடிந்ததும், நாற்பது பேர் பங்கு மண்டபத்தில் கூடினோம். வியட்நாமியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், பெருவிலிருந்து ஒரு குடும்பம், போக இடமற்ற இரண்டு ஜப்பானிய முதியவர். ஆண்டில் கிடைத்த அந்த ஒரு நாள் ஓய்வில் நம் சமையல்காரர் விடியற்காலையிலேயே வந்து, பெரிய அண்டாவில் கோழிக்குழம்பு வைத்துச் சோறு வடித்திருந்தார். உணவகத்தில் வெண்ணெய் சேர்த்து இனிப்பாக வைக்கும் குழம்பன்று இது. அம்மியில் அரைத்தாற்போன்ற ஊர்க்குழம்பு. ஜப்பானிய முதியவர் இருவரும் கண்ணில் நீர் வழிய, மூன்று முறை வாங்கி உண்டனர். காரத்தால் தான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாலை 4 மணி 10 நிமிடம். தரை மெல்ல, கப்பலில் நிற்பதுபோல, நெடுநேரம் ஆடிற்று. தொங்குவிளக்குகள் அசைந்தன. தொலைக்காட்சியில் எப்பொழுதும் அமைதியாகப் பேசும் அறிவிப்பாளர் பெண்மணி, "உடனே ஓடுங்கள், திரும்பிச் செல்லாதீர்கள்" என்று குரல் உயர்த்திக் கத்தலானார். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவில், மேலைக் கடலோரத்து நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவான நிலநடுக்கம். பழைய மரவீடுகள் கனத்த ஓட்டுக்கூரையோடு சரிந்தன. வாஜிமா நகரின் பழைமையான காலைச்சந்தைப் பகுதி அன்றிரவே எரிந்து சாம்பலாயிற்று. நேரடியாக மாண்டோர் இருநூறுக்கு மேல். அது முதியோர் மிகுந்த நிலப்பகுதி. வேறு நாளாயிருந்தால் வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டுமே இருந்திருப்பர். புத்தாண்டு என்பதால் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியோடு மாண்டவர்களை நினைத்து அன்று மண்டபத்தில் செபமாலை சொன்னோம். அவரவர் மொழியில், ஒவ்வொருவர் ஒரு மணியாக.

அதற்குள் எல்லாருடைய கைப்பேசிகளும் ஒலிக்கத் தொடங்கின. மணிலா, ஹனோய், லிமா. நம் ஊரில் அப்போது பகல் ஒரு மணி அளவில் இருக்கும். சமையல்காரர் ஈரக்கையோடு பேசினார்: "இங்க ஒண்ணுமில்லம்மா. சாமிகூடத்தான் இருக்கேன். நீங்க சாப்பிட்டீகளா?" பேசி முடித்தபின் சுவரோடு சாய்ந்து சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு சிறு பெட்டியைத் தந்தார். அதில் இனிப்பு, தாயாரின் முழங்கால் வலிக்கு ஓர் உறை, தங்கை பிள்ளைக்கு ஒரு சட்டை.

மறுநாள் மாலை ஹனேதா விமான நிலையத்தில், வட தீவிலிருந்து 379 பேருடன் வந்திறங்கிய விமானம், நோத்தோ மக்களுக்கு உதவிப்பொருள் ஏற்றி நின்ற கடலோரக் காவல் விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. காவல் விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் உயிரிழந்தனர். பெரிய விமானத்தில் இருந்த அனைவரும் உயிரோடு இறங்கினர். கைப்பெட்டிகளை எடுக்காமல், சொன்னபடி, வெறுங்கையோடு இறங்கியது அதற்கு ஒரு காரணம் என்றார்கள். பெற்றோர் கட்டிக்கொடுத்த பண்டங்களெல்லாம் அதில் எரிந்திருக்கும். அதைப் பார்த்தபின் நாம் அந்தச் சிறு பெட்டியைப் பிரித்து, சட்டையையும் உறையையும் மட்டும் மேலங்கிப் பைகளில் வைத்துக்கொண்டோம். இனிப்பு வந்தால் வரட்டும் என்று.

4ஆம் நாள் நரிதா விமான நிலையம். திரும்பி வரப்போகிறவர்கள் வெளியேற்ற அட்டையில் அதற்குரிய கட்டத்தில் குறியிடுவார்கள். நாம் குறியிடவில்லை. அதிகாரி நம் வசிப்புரிமை அட்டையை வாங்கி, ஒரு துளையிட்டு, இரு கைகளாலும் திருப்பித் தந்து தலைவணங்கினார். நாமும் வணங்கினோம்.

பொங்கல் கழிந்த மறுவாரம் அச்சிற்றூருக்குச் சென்றோம். இனிப்பும் பத்திரமாகவே வந்திருந்தது. தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்பார் என்று எண்ணியிருந்தோம், கேட்கவில்லை.

"கிறிஸ்மஸுக்கு எம்புள்ள என்ன சாமி சாப்பிட்டான்?"

கோழிக்குழம்பும் சோறும், அவரே சமைத்தார், உடனிருந்து நாமும் உண்டோம் என்றோம். தேதியைச் சொல்லவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, இனிப்புப் பெட்டியின் வண்ணக் காகிதத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து மடித்து வைத்தார். கணவரின் படத்தடியில் ஒன்றை வைத்தார். மற்றவற்றை, வாசலில் கூடிவிட்ட தெருப்பிள்ளைகளுக்குப் பாதி பாதியாகப் பிட்டுக் கொடுக்கலானார்.